சுரண்ட முடியாத இரண்டு இரவுகள்

1

போன மாதத்தோடு நான் பலேர்மோ வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது. கேக் ஒன்றும் வெட்டவில்லை. அன்றைக்குப் பதினாறு அறை துப்புரவாக்கினேன். ஒரு கட்டிலுக்குக் கீழே ஒற்றைச் சப்பாத்து ஒன்று கண்டெடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். அவ்வளவுதான் கொண்டாட்டம். ஆனால் அதே நாளில் வேலையிடத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அது இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்காததை எழுதினாலாவது விளங்குமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு ஹோட்டலில். இத்தாலி முழுக்கக் கிளை உள்ள பெரிய கொம்பனி. பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு வேலை வேணும். பத்து வருடம் வேலை செய்தவர்களுக்கு அவர்கள் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் தந்தார்கள். மனேஜர் சின்யோரா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, கைதட்டி, என் கையில் தந்தார். தடித்த கடதாசி, பொன் நிறக் கரை. இத்தாலியில் உள்ள அவர்களின் எந்த ஹோட்டலிலும் இரண்டு இரவு, இரண்டு பேர், காலைச் சாப்பாட்டோடு இலவசம். இன்ன திகதிக்குள் பாவிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கீழே பெருவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளிப் பூச்சு. அதைச் சுரண்டினால் உள்ளே இலக்கம் இருக்கும். ஊரில் போனுக்கு ரீலோட் காட் வாங்கினவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த நாளே அதைக் கொண்டுபோய் லமினேட் செய்தேன். நாங்கள் இருக்கிற சீசா என்கிற பகுதியில், வீட்டுக்குக் கீழேயே கொப்பி எடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். என்னைக் கண்டாலே மெசினைச் சூடாக்கப் போய்விடுவார்.

அதுக்கென்ன, நல்ல வேலைதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சுரண்டிய காட் பாவித்த காட். பாவிக்க முதல் எந்த விசரி சுரண்டுவாள்? சுரண்டாமல், கசங்காமல், கறை பிடிக்காமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்குக்குள் அனுப்பி, அலுமாரியில் பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

2

என் வீட்டுக்காரருக்குப் பிரான்காச்சோவில் ஜன்னல் கதவு செய்கிற பட்டறையில் வேலை. அவர் இரண்டு கோடை விடுமுறைக்கும் கேட்டார், "இஞ்சரும், அந்த ஹோட்டலுக்குப் போவமே?" என்று. நான் விடவில்லை. நல்ல விசயம் ஒன்றுக்குப் பாவிப்பம் என்றேன். எந்த நல்ல விசயம் என்று அவர் கேட்டார். வரேக்கை தெரியும் என்றேன். வீட்டில் நல்ல துவாயை வருகிற ஆட்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, கிழிந்த துவாயால் முகம் துடைக்கிற இனம் நாங்கள். எனக்கு மட்டும் புத்தி எங்கிருந்து வரும்?

நல்ல விசயம் வந்தது. மகள் நிதுஷா வடக்கே பொலோன்யாவில் இரசாயனவியல் படிக்கிறாள். வயது இருபத்திமூன்று. அவளுக்கு ஐப்பசியில் லவுரேயா. பட்டம் பெறுகிற நாளை இஞ்சை அப்படித்தான் சொல்வார்கள். பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று தன் ஆராய்ச்சியைப் பற்றிக் கதைக்க வேண்டும், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டம் தருவார்கள். வெளியே வந்ததும் தலையில் இலைக்கிரீடம் வைப்பார்கள். தாய் தகப்பன் பூச்செண்டோடு நிற்பார்கள். ஹோட்டலில் இப்படி வந்து தங்கிய எத்தனையோ தாய்மாரின் அறையை நான் துடைத்திருக்கிறேன். வாடிய பூச்செண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். ஒருநாள் நானும் ஒரு அறையில் பூச்செண்டை வாடவிட்டுப் போகவேணும் என்று ஒரு ஆசை. சிரிக்காதீர்கள்.

போனில் கேட்டேன், நாங்கள் எப்ப வெளிக்கிடுறது என்று. அவள், தான் கூடப் படிக்கிற மூன்று பிள்ளைகளோடு ஒரு வீட்டில் இருப்பதால் இடமில்லை, அந்த நேரம் ஹோட்டல் எல்லாம் சரியான விலை, விழாவைப் போனிலேயே நேரடியாகப் பார்க்கலாம் என்றாள். "பன்னிரண்டு நிமிசம்தான் அம்மா. அதுக்காக லீவு எடுத்து வரவேணுமே?"

பன்னிரண்டு நிமிசம். பலேர்மோவில் இருந்தவரை அவளுக்குத் தமிழ்தான் தேய்ந்தது. பொலோன்யா போனபிறகு எங்கள் சிசிலித் தீவுக்காரரின் பேச்சு இழுவையும் தேய்ந்துவிட்டது. தனக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவி விடுகிறாளோ, அதில் அடுத்தது நாங்களோ என்று பயந்தேன். அறை துடைக்கிற தாயையும் பட்டறையில் நிற்கிற தகப்பனையும் அவளுடைய சிநேகிதர்களுக்குக் காட்ட வெட்கப்படுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆனால் குரலில் காட்டவில்லை. "நீ ஒண்டும் யோசியாதை. எங்களுக்கு ஹோட்டல் இருக்கு" என்றேன். அந்த வசனத்தைச் சொல்லும்போது எனக்கு இருந்த நிமிர்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

3

அடுத்த கிழமைதான் அறிவித்தல் ஒட்டினார்கள். இத்தாலியன் எனக்குக் கதைக்க வரும், கடிதத்து இத்தாலியன் வராது. ரிசெப்சனில் நிற்கிற சால்வோவிடம் போனேன். என் வயதுக்காரர், பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிறவர், பொறுமைசாலி. மூன்று தரம் வாசித்தார். ஒவ்வொரு தரமும் வேறு கருத்து வந்தது.

கடைசியில் நான் விளங்கிக்கொண்டது இது. கடதாசிச் சான்றிதழ் எல்லாம் மாதக் கடைசியோடு செல்லாது. அதற்கு முன்னால் கொம்பனியின் போன் அப்பில் பதிந்தால் அது புள்ளிகளாக மாறும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து இரவுகளை எடுக்கலாம். ஒரு இரவுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். அது நாளுக்கு நாள் மாறுமாம், ஊருக்கு ஊர் மாறுமாம். பதிந்த பிறகுதான் தெரியுமாம், சில நாளில் ஒன்றரை இரவுக்குத்தான் காணுமாம். மீன் சந்தையில்கூட விலையைச் சொல்லிவிட்டுத்தான் காசை வாங்குவார்கள். எனக்குத் தந்தது இரண்டு இரவு. இரண்டு இரவு எப்படி ஒன்றரை இரவாக முடியும்? பாதி இரவில் எழும்பிப் போவதோ? சால்வோ அடுத்த வரிக்குப் போனார். காலைச் சாப்பாடு மட்டும் "அந்தஸ்து" உள்ள விருந்தினர்களுக்குத்தானாம்.

சரி, பதிவம் என்று என் போனில் அப்பை இறக்கித் தந்தார். அது கேள்வி கேட்கத் தொடங்கியது. குடும்பப் பெயர் கேட்டது. என் அப்பாவின் பெயரைப் போட்டேன், பெர்மெசோவில், அதுதான் வதிவிட அனுமதி அட்டையில், அப்படித்தான் இருக்கிறது. கணவரின் குடும்பப் பெயர் கேட்டது, அவருடைய தகப்பனான மாமாவின் பெயரைப் போட்டேன். ஒரே கட்டிலில் படுக்கப்போவது என் அப்பாவும் மாமாவும் என்று அது நினைத்திருக்கும். அடுத்ததாக, எங்கள் ஹோட்டல்களில் இதுவரை எத்தனை இரவு தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டது. பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் போயிருக்கிறேன். எந்த அறையில் எந்தக் குழாய் ஒழுகும் என்று எனக்குத் தெரியும். ஒரு இரவும் தங்கியதில்லை. பூச்சியம் என்று அழுத்தினேன்.

கடைசியாக, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி உள்ளே இருக்கிற பதினொரு எழுத்தையும் இலக்கத்தையும் போடச் சொன்னது. கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். சால்வோ சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு சில்லறையை எடுத்துச் சுரண்டினார். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது. திரும்பவும் சுரண்டினார். பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

4

நான் ஏன் லமினேட் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். யுத்தத்தின் அந்தக் கடைசி நாட்களைப் பற்றி எழுதப்போவதில்லை, எனக்கு அதற்குச் சக்தியில்லை. பத்திரங்களின் கதையை மட்டும் சொல்கிறேன்.

வன்னியிலிருந்து நீரேரியைக் கடந்து வெளியே வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், எங்கள் கலியாண எழுத்துத் துண்டு, அடையாள அட்டைகள். தண்ணீர் நெஞ்சளவு. இவர் மகளைத் தோளில் வைத்திருந்தார். அவளுக்கு ஏழு வயது. எல்லாரிலும் உயரத்தில் இருப்பவள் அவள்தான் என்று பையை அவள் கழுத்தில் கட்டிவிட்டேன். பையின்ரை வாயை இறுக்கிப் பிடி, விட்டிடாதை என்று சொன்னேன். நடுவில் இவர் ஒரு கிடங்கில் கால் வைத்துத் தடக்கினார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் போய் எழும்பினார்கள். கரைக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே தண்ணீர்.

பிறப்பத்தாட்சி பிழைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது லமினேட் செய்து வைத்திருந்தோம். சேலைத் தலைப்பால் துடைத்தேன், புதிதுபோல இருந்தது. எழுத்துத் துண்டு கூழாகிவிட்டது. பிறகு இவர் முதலில் இத்தாலி வந்தார். என்னையும் பிள்ளையையும் கூப்பிட எழுத்துத் துண்டு கேட்டார்கள். பதிந்த கந்தோரே இல்லை, பதிந்தவரும் இல்லை. நான் இவருடைய பெண்சாதிதான் என்று நிரூபிக்க மூன்று வருடம் சென்றது.

அன்றிலிருந்து என் கையில் கிடைக்கிற எந்தக் கடதாசியும் தப்பாது. மின்சாரக் கட்டணத் துண்டைக்கூட லமினேட் செய்தவள் என்று இவர் சனத்துக்கு முன்னால் பகிடி பண்ணுவார். நானும் விடாமல், அந்தப் பைக்குள்ளை தண்ணி போகாட்டி மூண்டு வருசம் பிரிஞ்சிருந்திருக்கத் தேவையில்லை என்று கதையைத் தொடங்கிவிடுவேன். பிறந்தநாள் வீடு, கோயில், எங்கு போனாலும் சொல்லுவேன். மகளும் பக்கத்தில் இருப்பாள். சின்னப்பிள்ளை, அவளுக்கு ஒன்றும் ஞாபகமிராது என்று நினைத்தேன்.

ஒரு தரம் அது மாறி அடித்தது. வதிவிட அனுமதி அலுவலுக்காக இஞ்சை ஒரு கந்தோருக்குப் போனோம். லமினேட் செய்த பிறப்பத்தாட்சியை அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் முத்திரை குத்த முடியாது, வேறு கொண்டு வாருங்கள் என்றார். ஊரிலிருந்து புதிது வர எட்டு மாதம். பதினான்கு வயதில் எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த மகள் வெளியே வந்து, வீதியில் நின்று என்னை ஏசினாள். அவளை அப்படி நான் கண்டதில்லை. நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

5

சான்றிதழ் கதையைச் சொல்ல மகளுக்குப் போன் எடுத்தேன். இரசாயனம் படிக்கிறவள், ஒரு வழி சொல்லுவாள் என்று. சொல்லத்தான் செய்தாள்.

"சூடு காட்டாதேங்கோ அம்மா. பசை இளக முதல் அந்த வெள்ளி இளகும். எனக்குத் தபாலிலை அனுப்புங்கோ, நான் லாப்பிலை வைச்சுக் கழட்டிறன்."

தபாலில்! பத்திரத்தைக் கையை விட்டு அனுப்புகிற பழக்கம் எனக்கில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு, வழியில் துலைந்தால் ஆர் பொறுப்பு என்றேன். அப்போதுதான் அவளுக்குக் குரல் மாறியது.

"ஏன் அம்மா எல்லாத்தையும் லமினேட் செய்யிறியள்? ஏன் விடமாட்டியள்?"

அதற்குப் பிறகு இத்தாலியனில் என்னவோ வேகமாகச் சொன்னாள், பாஸ்தா, காணும், என்று முடித்தாள், போனை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ கழட்டாட்டி எங்களுக்குக் கழட்டத் தெரியாதோ என்றேன், வைத்த போனிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் பட்டறையிலிருந்து சூடான காற்று அடிக்கிற ஒரு சாமான் கொண்டுவந்தார். பழைய பெயின்ற் உரிக்கிறதாம். குசினி மேசையில் சான்றிதழை வைத்து, மூலையிலிருந்து தொடங்கினார். மூலை கிளம்பியது. பொன் கரை அப்படியே இருந்தது. "பாத்தீரே, உம்மடை மகளுக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். மேலே உள்ள எழுத்தெல்லாம் சுகமாக வெளியே வந்தது. வெள்ளிப் பூச்சுக்குக் கிட்ட வந்ததும், மெல்ல மெல்ல என்று நான் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, பிளாஸ்டிக் ஒரு இழுப்பில் வந்தது. வெள்ளியும் அதோடு வந்தது. வெள்ளிக்குக் கீழே இருந்த இலக்கமும் அதோடு வந்தது.

பதினொன்றில் ஐந்து மிச்சம். மற்ற ஆறும் பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் வெள்ளிக்குள் புதைந்து கிடந்தன. கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். இவருக்கு எட்டாகத் தெரிந்தது எனக்கு மூன்றாகத் தெரிந்தது. அப்பில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஐந்து தரம் பிழையானதும் அது எங்களைப் பூட்டிவிட்டது.

மனேஜர் சின்யோரா நல்ல மனுசி, தலைமைக் கந்தோருக்கு எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. மதிப்புக்குரிய விருந்தினரே என்று தொடங்கியிருந்தது. அந்தக் கொம்பனி என்னை விருந்தினர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். சேதமான சான்றிதழை ஏற்கப் புதிய விதியில் இடமில்லை, மன வருத்தத்துக்கு ஈடாகக் காலைச் சாப்பாட்டில் சிறு விலைக்கழிவு தருகிறோம் என்று எழுதியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முதல் இரவு தங்க வேண்டும். அதை எங்கே தங்குவது என்று எழுதவில்லை.

6

மகளுக்குத் தகவல் அனுப்பினேன், லீவு கிடைக்கவில்லை, நாங்கள் வரவில்லை, போனில் பார்க்கிறோம் என்று. ஹோட்டல் இருக்கு என்று நிமிர்ந்து சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறார்.

அடுத்த நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் எடுத்தாள்.

"லீவு கிடைக்கேல்லை எண்டது பொய்தானே?"

ஓம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? நாங்கள் வந்து நின்றால் உனக்கு வெட்கம், எனக்குத் தெரியும், நீ கவலைப்படாதே என்றும் சொன்னேன். ஹோட்டலில் தங்கினாலாவது மற்றத் தாய்மாரைப்போல இருப்பம் என்று பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை என்றேன். என் பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"வெக்கமில்லை அம்மா. நீங்கள் வந்தால் அந்தச் சொப்பிங் பையின்ரை கதையைச் சொல்லுவியள். அதுதான் பயம்."

எந்தப் பையின்ரை கதை என்று கேட்டேன். எனக்கு உண்மையில் விளங்கவில்லை.

"நீங்கள் வாயை இறுக்கிப் பிடி எண்டு சொன்னனீங்கள். நான் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தன். அப்பா தண்ணிக்குள்ளை போகேக்கை நான் பையை விட்டிட்டு அப்பாவின்ரை தலைமயிரைப் பிடிச்சிட்டன். அதாலைதானே உங்கடை துண்டு நனைஞ்சது. அதாலைதானே அப்பா இல்லாமல் மூண்டு வருசம் இருந்தனாங்கள். ஒவ்வொரு முறையும் அதை எல்லாருக்கும் சொல்லுவியள். நான் பக்கத்திலை இருக்கேக்கை சொல்லுவியள்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பதினாறு வருடமாக நான் ஒரு கடதாசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் அதைத் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். எத்தனை வீட்டில், எத்தனை பேருக்கு முன்னால்! எனக்கு என்னை அறைய வேண்டும்போல இருந்தது.

"பிள்ளை," என்றேன், "நீ பையை விடாமல் பிடிச்சிருந்தால் நான் இண்டைக்கு ஆரின்ரை லவுரேயாவுக்கு வாறது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, தன்னுடைய கட்டிலில் நானும் அப்பாவும் படுக்கலாம், தான் சிநேகிதியின் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றாள். ஒற்றைக் கட்டிலாம். பரவாயில்லை என்றேன். விரிப்பைத் தானே மாற்றி வைப்பாளாம், நான் தொடக்கூடாதாம்.

விமான ரிக்கற் போனுக்குள்தான் வந்தது. எனக்குப் போனில் நம்பிக்கையில்லை, கீழே கடைக்குப் போய்க் கடதாசியில் அடித்துத் தரச் சொன்னேன். அடித்த கையோடு கடைக்காரர் வழக்கம்போல மெசினைச் சூடாக்கப் போனார். வேண்டாம் என்றேன். அவர் நம்பாமல் திரும்பிக் கேட்டார். வேண்டாம் என்று இன்னொரு தரம் சொல்லி, ரிக்கற்றை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.